கோபத்துக்கு இடப்படும் பெயர்கள்: திருவூடல் தெருவிலிருந்து சில குறிப்புகள்

திருவண்ணாமலையில் ஒரு தெருவுக்கு ஒரு பெண்ணின் கோபத்தை வைத்துப் பெயர் வந்திருக்கிறது. திருவூடல் தெரு. தை இரண்டாம் நாள், அதாவது மாட்டுப் பொங்கலன்று, அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும் மாடவீதிகளைச் சுற்றிவிட்டு மாலையில் இந்தத் தெருவில் எதிரெதிராக நிற்பார்கள். தூக்கி வருகிறவர்கள் சாமியை முன்னும் பின்னுமாக ஆட்டுவார்கள். அவர் நெருங்க அம்மன் விலக, கொஞ்ச நேரம் இந்த ஆட்டம் நடக்கும். பிறகு அம்மன் தனியாகக் கோயிலுக்குத் திரும்பிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் அன்று ராத்திரி குமரக்கோயிலில் தங்கவேண்டியதுதான். மறுநாள் தனியாகவே மலையைச் சுற்றி, பிருங்கி முனிவருக்குக் காட்சி கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, சமாதானமான பிறகுதான் கதவு திறக்கிறது. அது மறுவூடல்.

கூட்டத்தில் நிற்கிறவர்களைக் கேட்டால் 'புருஷன் பொண்டாட்டி சண்டைங்க, சாமிக்கே இருக்குது, நமக்கென்னா' என்பார்கள். இந்தத் திருவிழாவைப் பார்த்தால் தம்பதிகள் பிரியமாட்டார்கள் என்ற நம்பிக்கையும் உண்டு. ஆக, செல்லச் சண்டை. இந்தப் பொதுப்புத்தி வாசிப்பில் ஒரு சங்கதி நழுவிவிடுகிறது. அம்மன் ஏன் கோபித்தாள் என்பது.

காரணம் பிருங்கி. அந்த முனிவர் சிவனைத் தவிர யாரையும் வணங்கமாட்டார். பக்கத்தில் அம்மன் இருந்தால் அவளை விட்டுவிட்டு அவரை மட்டும் வலம் வருவார். இருவரும் நெருங்கி உட்கார்ந்தபோது வண்டாக மாறி நடுவில் துளைத்துக்கொண்டு போனார் என்கிறது கதை. அவள் அவர் உடம்பிலிருந்து தன் பங்கான தசையையும் ரத்தத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டாள். நிற்க முடியாமல் போன பக்தனுக்குச் சிவன் மூன்றாவது காலைக் கொடுத்து நிறுத்தினார். இப்படித் தன்னை இல்லாதவளாக நடத்திய ஆளுக்குப் புருஷன் போய்க் காட்சி கொடுக்கிறான் என்பதுதான் அம்மனுடைய வழக்கு. இதில் செல்லம் எங்கே இருக்கிறது? இது தன் இருப்பை ஒப்புக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை. இந்தக் கோரிக்கைக்கு இதே ஊரில் இன்னொரு முடிவும் சொல்லப்படுகிறது: பவழக்குன்றில் தவமிருந்து இடப்பாகம் பெற்றாள் என்பது. பாகம் என்றால் பங்கு. அந்தப் பங்கு கிடைத்ததன் சாட்சியாகக் கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏற்றுவதற்குச் சற்று முன்பாக அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருவார். வருஷத்துக்கு ஒரு தடவை, சில நிமிஷங்கள். அதற்குள் கூட்டம் மலையைப் பார்க்கத் திரும்பிவிடும்.

கோபம் ஞாபகத்தில் இருக்கிறது, அதன் காரணம் கதையின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. தமிழில் பெண்ணின் கோபத்துக்கு நாம் இட்டு வந்திருக்கும் பெயர்களில் பெரும்பாலானவை இந்த வேலையைத்தான் செய்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. கோபத்தை ஒரு செயலாக, ஒன்றுக்கான பதிலாகப் பார்க்காமல், அவளுடைய குணமாக மாற்றிவிடுவது. கூத்திலிருந்து சீரியல் வரைக்கும் வெகுஜன ஊடகங்கள் அந்தந்தக் காலத்துக்குத் தோதான பெயரைத் தேர்ந்தெடுத்துத் தந்திருக்கின்றன. பெயர் மாறுகிறபோது பண்பாட்டில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதைப் பார்க்கலாம்.

'ஊடல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அகப்பொருள் இலக்கணத்தில் இது மருதத்தின் உரிப்பொருள். மருதத்தில் தலைவி சும்மா ஊடுவதில்லை. தலைவன் பரத்தையிடம் போய்விட்டு வருகிறான். அவள் வாயில் மறுக்கிறாள். வீட்டுக் கதவு அவள் கையில் இருக்கிறது. (எங்கள் பக்கத்துப் பேச்சில் வீடு என்பது 'ஊடு'. ஊடலுக்கும் இதற்கும் வேர்ச்சொல் உறவு எதுவும் கிடையாது. ஆனால் மனைவியை 'எங்கூட்ல' என்று குறிப்பிடும் ஆள், அந்த 'ஊடு' ஊடும்போது எங்கே போவான் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.) பிறகு குறளுக்கு வந்தால் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று கடைசி மூன்று அதிகாரங்கள் இதற்கென்றே. அங்கே காரணம் மெல்ல மெல்லக் கரைகிறது. தும்மினால் கோபம், பார்த்தால் கோபம், பூச்சூடினால் கோபம். காரணமே இல்லாததுதான் அழகு என்றாகிறது. புலவியை உப்பளவுக்கு ஒப்பிடுவதும் அங்கேதான். இந்த உவமை பலராலும் ரசிக்கப்பட்டது. ரசிக்கிறபோது ஒன்றைக் கேட்கவேண்டும்: உப்பு சரியாக இருக்கிறதா என்று ருசி பார்க்கிற நாக்கு யாருடையது? துனி என்று ஒரு சொல்லும் இருந்தது. முற்றிய கோபம், சமாதானத்தில் முடியாத கோபம். அது புழக்கத்திலிருந்தே போய்விட்டது. அளவோடு கோபிக்கிற பெண்ணுக்கான சொல் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அளவு மீறியவளுக்கான சொல்லை வேறு இடத்தில் போய்த் தேடவேண்டும்.

அந்த இடம் தெரு. அடங்காப்பிடாரி, பத்ரகாளி, சண்டி, மூதேவி, நீலி. இந்தப் பட்டியலில் எல்லாமே தெய்வங்களின் அல்லது தெய்வமாக்கப்பட்டவர்களின் பெயர்கள். ஆங்கிலத்தில் அடங்காத பெண்ணுக்கு 'ஷ்ரூ' என்று ஒரு சொல். அது மூஞ்சூறு மாதிரி ஒரு சின்ன ஜந்துவின் பெயர். ஷேக்ஸ்பியர் அடக்கிக் காட்டியது அதைத்தான். நம்மிடம் மிருகத்துக்குப் பதிலாகத் தெய்வத்தைப் பெயராக வைத்தோம். பெருமைப்பட ஒன்றுமில்லை. தெய்வத்தை வசவாக்க முதலில் அந்தத் தெய்வத்தையே கீழே இறக்கியாகவேண்டும். சோழர் கல்வெட்டுகளில் ஊர்ப்பிடாரியின் கோயில் நிலம் வரி நீக்கப்பட்ட நிலமாகக் குறிக்கப்படுகிறது. அவள் ஊரின் எல்லையைக் காத்தவள், ஊருக்குள் உரிமை உள்ளவள். இன்று பிடாரி என்ற சொல் கோயில் வாசலில் கேட்பதைவிட மாமியார் வாயில்தான் அதிகம் கேட்கிறது. மூதேவியான சேட்டை, பல்லவர் காலத்துக் கோயில்களில் சிலையாக உட்கார்ந்திருப்பவள். தொண்டரடிப்பொடியாழ்வார் அவளிடம் செல்வம் கேட்கிறவர்களைக் கிண்டல் செய்கிறார் என்றால், அவர் காலத்தில் அப்படிக் கேட்கிறவர்கள் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

நீலியின் கதை இன்னும் மோசம். பழையனூர் நீலி, புருஷனால் கொல்லப்பட்டவள். மறுபிறவியில் வந்து ஊர்ச்சபையின் முன் கையில் குழந்தையோடு நின்று அழுகிறாள். இவன் என் புருஷன், என்னோடு அனுப்புங்கள் என்கிறாள். சபை அவளை நம்புகிறது, அவன் சாகிறான், வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். இந்த நீண்ட கதையிலிருந்து நம் மொழி எடுத்து வைத்துக்கொண்ட ஒரே சொல் 'நீலிக்கண்ணீர்'. எழுபது பேரின் வாய்மைக்குக் கோயில் இருக்கிறது. அவள் முதலில் கொலை செய்யப்பட்டவள் என்பது மட்டும் சொல்லில் ஏறவில்லை. போலீஸ் ஸ்டேஷனில், பஞ்சாயத்தில் ஒரு பெண் அழுதால் இன்றைக்கும் அந்தச் சொல்தான் முதலில் வந்து விழுகிறது.

இப்படிச் சொல்வதால் நாட்டார் மரபு முழுக்கப் பெண்ணின் கோபத்தை இழிவுபடுத்தியது என்று ஆகிவிடாது. எங்கள் மாவட்டத்தின் பழைய வெகுஜன ஊடகம் தெருக்கூத்து. புரிசை இந்த மாவட்டத்தில்தான், செய்யாறு பக்கம். செஞ்சியிலிருந்து இந்தப் பக்கமெல்லாம் திரௌபதியம்மன் கோயில்கள். பாரதம் படிப்பார்கள், ராத்திரி ராத்திரியாகக் கூத்து நடக்கும். அந்தக் கதையை நகர்த்துவது யார்? விரித்த கூந்தலை முடிக்கமாட்டேன் என்று சபதம் போட்ட ஒரு பெண். கடைசி நாள் மண்ணில் நீட்டிப் படுக்கவைத்த துரியோதனனின் பிரம்மாண்ட உருவத்தின் மேல் படுகளம் நடந்து அவள் கூந்தல் முடியும் வரைக்கும் ஊரே அந்தக் கோபத்தோடு காத்திருக்கிறது. இங்கே காரணம் மறைக்கப்படுவதில்லை. துகிலுரிதல் ஒரு முழு இரவுக் கூத்து. என்ன நடந்தது, யார் செய்தான், யாரெல்லாம் வாயை மூடிக்கொண்டு சபையில் உட்கார்ந்திருந்தான் என்பதெல்லாம் விலாவாரியாக ஆடிக்காட்டப்படும். பிறகுதான் கோபம்.

ஆனால் அந்தத் திரௌபதி வேஷம் கட்டி ஆடுகிறவர் ஆண். காலங்காலமாக அப்படித்தான். ஒரு பெண் தன் சொந்த உடம்போடு அந்தக் கோபத்தைப் பேச இன்னொரு வழி இருந்தது. சாமி வருவது. இதில் என்னை எப்போதும் ஈர்ப்பது இலக்கணம். சாதாரண நாளில் புருஷனை 'ஏங்க' என்றும் 'இன்னாங்க' என்றும் கூப்பிடும் பெண், சாமி வந்ததும் ஊர்ப்பெரியவரைப் பார்த்து 'டேய்' என்கிறாள். நாட்டாமைக்காரர் கைகட்டி 'சொல்லு தாயி' என்கிறார். ஒருமைக்கும் பன்மைக்கும் இடையிலான அதிகாரம் அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தலைகீழாகிறது. 'என்னை மறந்துட்டீங்கடா, எனக்குச் செய்ய வேண்டியதைச் செய்யலடா' என்று அவள் கேட்பது தனக்கா அம்மனுக்கா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எலுமிச்சம்பழம், விபூதி, தண்ணீர். மலையேறியதும் அவள் மறுபடி 'ஏங்க'.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். கூத்துக்கும் அம்மனுக்கும் ஊர் என்று நாம் சொல்லும்போது அந்த 'ஊர்' யார்? விழுப்புரம் பக்கம் மேல்பாதியில் தலித்துகளை உள்ளே விட மறுத்துத் திரௌபதியம்மன் கோயில் 2023 ஜூனில் பூட்டி சீல் வைக்கப்பட்டது. எங்கள் மாவட்டத்தில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் காவலோடு முதல்முதலாக நுழைந்தது 2023 ஜனவரி 30ஆம் தேதி. மாரியம்மனின் கோபத்தைக் கும்பிடுகிற ஊர், சேரிப் பெண்ணின் கோபத்தை 'வாய்க்கொழுப்பு' என்கிறது. பாமாவின் 'சங்கதி' (1994) வந்தபோது அதன் மொழி கொச்சை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அதில் அடி தாங்காத பெண் தெருவில் இறங்கி நின்று கெட்ட வார்த்தைகளாலேயே புருஷனைத் திருப்பி அடிக்கிறாள். அவளுக்குச் சாமி வரவேண்டிய தேவை இல்லை, ஊடலின் நாசூக்கும் கிடையாது. அவள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் நாக்கு. அதை இலக்கியத்தில் ஏற்றியது பெண்ணிய எழுத்து என்ற பொதுப்பெயருக்குள் அடங்காத காரியம்.

இனி சினிமா. பி. பானுமதி 1953இல் தானே இயக்கி நடித்த படத்துக்கு 'சண்டிராணி' என்று பெயர் வைத்தார். வசவாக இருக்கக்கூடிய சொல்லை ஒரு பெண்ணே எடுத்துத் தலைப்பில் மாட்டிக்கொண்டார். பத்து வருஷம் கழித்து 1963இல் 'அறிவாளி'. ஷேக்ஸ்பியரின் அடக்கும் கதையைத் தழுவியது. சிவாஜி அடக்குகிறார், அடங்குகிறவர் அதே பானுமதி. 1972இல் 'பட்டிக்காடா பட்டணமா'. பட்டணத்து நாகரிகத்தில் வளர்ந்த பெண்ணைக் கிராமத்துப் புருஷன் வழிக்குக் கொண்டுவருகிறான். அவளாக நடித்தவர் ஜெயலலிதா. இந்த வரிசையில் முக்கியமான சொல் 'திமிர்'. படிப்பால் வந்த திமிர், பணத்தால் வந்த திமிர், நாகரிகத்தால் வந்த திமிர். கோபத்துக்குக் காரணம் தேடத் தேவையில்லை. திமிரே காரணம். அதற்கு வைத்தியம் உண்டு: அடக்குவது. 'அடக்கம்' என்பது பெண்ணின் குணமாகவும் பிணத்தைப் புதைப்பதாகவும் ஒரே சொல்லில் இருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1992 பொங்கலுக்கு 'மன்னன்' வந்தது. பொங்கல் ரிலீஸ், ஆக எங்களுக்குத் திருவூடலோடு வந்த படம். தெருவில் அம்மன் கதவைச் சாத்திக்கொண்டிருந்த அதே நாட்களில் திரையில் விஜயசாந்தி அடங்கிக்கொண்டிருந்தார். அவர் பெரிய தொழிலதிபர், ரஜினிகாந்த் அவருடைய தொழிற்சாலையில் தொழிலாளி. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடக்கவேண்டிய சண்டை நாசூக்காகப் பெண்ணுக்கும் ஆணுக்குமான சண்டையாக மாற்றப்பட்டது. வர்க்கக் கோபத்தை வைத்துப் பெண்ணை அடித்தார்கள் என்பதுதான் இந்தப் படத்தின் அரசியல். கடைசியில் அவர் நிர்வாகத்தை விட்டுவிட்டு 'இல்லத்தரசி' ஆகிறார். ஆண் மன்னன், பெண் அரசி. எவ்வளவு பொருத்தம்! அவன் ராஜ்ஜியத்துக்கு வேலி இல்லை, இவளுடையது நாலு சுவருக்குள். இந்தச் சொல் அந்தப் படம் கண்டுபிடித்ததல்ல, பத்திரிகைகள் பல காலமாகப் புழங்கி வந்ததுதான். சம்பளம் இல்லாத வேலைக்கு மகுடம் சூட்டுகிற சொல்.

அதே 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. அப்போது முதலமைச்சர், இருபது வருஷத்துக்கு முன்னால் திரையில் அடக்கப்பட்ட அதே ஜெயலலிதா. அவருடைய அதிகாரத்தை மொழிக்குள் கொண்டுவர ஆண்கள் கண்டுபிடித்த சொல் 'அம்மா'. அவர் அரசியலை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் இதைக் கவனிக்கலாம். பெண்ணுக்குக் கீழே நிற்பதைத் தாய்க்குக் கீழே நிற்பதாக மொழிபெயர்த்துக்கொண்டால்தான் அவர்களுக்குக் குனிய முடிந்தது.

ரஜினிக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள உறவு தெரிந்ததுதான். 1992இல் 'அண்ணாமலை', 1997இல் 'அருணாசலம்'. இரண்டுமே எங்கள் சாமியின் பெயர்கள். கிரிவலப் பாதையில் விளக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர் என்று ஊரில் சொல்வார்கள். பௌர்ணமிக்குப் பதினாலு கிலோமீட்டர் நடக்க வெளியூர்க்காரர்கள் லட்சக்கணக்கில் வரத் தொடங்கியதில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. (எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார். புருஷன் பெயர் அண்ணாமலை. அவர் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் கோயிலைப் 'பெரிய கோயிலு' என்பார், மலையை 'நம்ம மலை' என்பார். அந்தப் படத்துக்குப் போனபோது எல்லோரையும் போல 'ரஜினி படம்' என்றார். அவருடைய பேத்தி இன்று தன் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், கோபம் வந்தால் 'டா'வும் போடுகிறாள். சாமி வரத் தேவைப்படவில்லை.)

1999இல் 'படையப்பா'. நீலாம்பரி என்பது தாலாட்டுப் பாடுகிற ராகம். அந்தப் பெயரை வில்லிக்கு வைத்தது தெரிந்தா தெரியாமலா என்று சொல்ல முடியாது. 'நீலி' அதற்குள் ஒளிந்திருப்பதும் காதில் விழுகிறது. ஆணை விரும்பி அதை வாய்விட்டுச் சொன்னவள், மறுக்கப்பட்டவள், பதினெட்டு வருஷம் அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டவள். கதவைச் சாத்திக்கொண்ட அம்மனை ஞாபகப்படுத்துகிற செயல். ஆனால் இந்தக் கதவை யாரும் வந்து தட்டப்போவதில்லை. படம் பெண்களைச் சாத்வீகம், பிரசோதகம், பயானகம் என்ற குணவகைகளாகப் பிரித்து வகுப்பெடுக்கிறது. கோபம் குணமாகிவிட்டால் அதைக் கேட்கத் தேவையில்லை, வகைப்படுத்தினால் போதும். இத்தனைக்குப் பிறகும் ஜனங்கள் ஞாபகம் வைத்திருப்பது சௌந்தர்யாவின் அடக்கமான வசுந்தராவை அல்ல, ரம்யா கிருஷ்ணனைத்தான். இதைப் பார்வையாளரின் எதிர்வாசிப்பு என்று கொண்டாட நமக்கு ஆசை வரும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அவளை ரசித்துவிட்டு வீட்டுக்கு வந்து மகளை 'நீலாம்பரி மாதிரி நிக்காதடி' என்று திட்டிய அம்மாக்களையும் எனக்குத் தெரியும். அடுத்த ஆண்டே, 2000இல், 'ராஜகாளி அம்மன்'. அம்மனாக வந்தவர் அதே ரம்யா கிருஷ்ணன். அதே பெரிய கண்கள், அதே உருட்டல். மனுஷியின் முகத்தில் திமிரானது நெற்றியில் குங்குமத்தை அப்பியதும் தெய்வீகமாகிவிட்டது. தியேட்டரில் பெண்கள் சாமியாடினார்கள்.

'வில்லி' என்ற சொல் எப்படி வந்தது என்பதே சுவாரஸ்யம். ஆங்கில 'வில்லன்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதன் கடைசியிலுள்ள 'அன்' நம் காதுக்கு ஆண்பால் விகுதியாகக் கேட்டது. கள்வன், கள்வி மாதிரி வில்லனுக்கு ஒரு வில்லியைப் பிறப்பித்துக்கொண்டோம். நூறு விழுக்காடு தமிழ்க் கண்டுபிடிப்பு. இந்தச் சொல்லுக்கு உண்மையான வாழ்வு கொடுத்தது தொலைக்காட்சித் தொடர். சினிமாவில் வில்லன் வேலை ஆணுடையதாகத்தான் பெரும்பாலும் இருந்தது. வீட்டுக்குள் நடக்கும் தொடரில் அதிகாரச் சண்டை சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நடப்பதால் வில்லி கட்டாயமானாள். நல்லவள் அழுவாள், பொறுப்பாள். கோபம் மொத்தமும் வில்லியின் கணக்கில். ஒரு விதிவிலக்கைச் சொல்லவேண்டும். 'சித்தி' (1999–2001) கொடுமைக்காரி என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் உறவுப்பெயரை எடுத்து அதை வெளுத்துக் கொடுத்தது. ஒரு மெகா சீரியலால் ஒரு சொல்லுக்கு நல்லது நடக்கமுடியும் என்பதற்கு அது சாட்சி. அந்தச் சித்தியும் பொறுமைசாலியாக இருந்ததால்தான் அது சாத்தியமானது என்பது வேறு விஷயம்.

இப்போது புழங்கும் சொல் 'சிங்கப்பெண்'. 2019இல் 'பிகில்' படப் பாட்டிலிருந்து ஊரெல்லாம் பரவியது. மகளிர் தினப் பேனர், ஆட்டோவின் முதுகு, போலீஸ்காரப் பெண்ணுக்கு வாட்ஸப் வாழ்த்து. 2023இலிருந்து அதே பெயரில் ஒரு தொடரும் வந்துவிட்டது. தெய்வத்திலிருந்து மிருகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம், ஆனால் இந்த மிருகம் வசவு இல்லை, பாராட்டு. மாற்றம்தான், மறுக்கவில்லை. என்னைச் சங்கடப்படுத்துவது, அந்தச் சொல்லைப் பரிசளிக்கிறவர்கள் சிங்கம் யாரைப் பார்த்துக் கர்ஜிக்கிறது என்று கேட்பதே இல்லை. மாரத்தானில் ஓடினால் சிங்கப்பெண், பத்து மணி நேரம் நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்து சமைத்தாலும் சிங்கப்பெண். இரட்டைச் சுமையைத் தாங்குகிறவளுக்கான புது 'இல்லத்தரசி'. கூலி கேட்டு கம்பெனி வாசலில் உட்கார்ந்தவளை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

காரணத்தைத் திரும்பக் கொண்டுவந்த படைப்புகள் என்று இரண்டைச் சொல்லலாம். 'அயலி' (2023) இணையத்தொடர். புதுக்கோட்டைப் பக்கத்து ஊர், தொண்ணூறுகள், வயசுக்கு வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது, கல்யாணம்தான். அதற்கு ஊர் சொல்லும் சாக்கு அயலியம்மனின் கோபம். ஒரு பெண் தெய்வத்தின் கோபத்தை ஆண்கள் எப்படித் தங்கள் சட்டப்புத்தகமாக வைத்திருக்கிறார்கள் என்பதை இவ்வளவு எளிமையாக வேறு எதுவும் காட்டவில்லை. இன்னொன்று 'லப்பர் பந்து' (2024). கிரிக்கெட்டே கதியென்று கிடக்கும் புருஷனின் ஆடுகளத்தை டிராக்டர் ஓட்டி உழுதுவிடும் மனைவி. பழைய படமாக இருந்தால் இடைவேளைக்குப் பிறகு அவளை அடக்கியிருப்பார்கள். இங்கே கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறவளின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று படம் ஒப்புக்கொள்கிறது. 'கெத்து' என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்ட ஆள் அவள் முன்னால் கெத்தை இழந்து நிற்பது அவமானமாகக் காட்டப்படுவதில்லை. திருவூடல் தெருவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்ட படம். அந்த டிராக்டரை நான் படுகளத்தோடு சேர்த்துத்தான் பார்த்தேன்.

சொல் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். 'புருஷன் பொண்டாட்டி சண்டை' என்ற சொல்லையே பாருங்கள். சண்டை என்றால் இரண்டு பேர் போடுவது. ஒருவன் அடிக்க ஒருத்தி அடிவாங்குவதை அந்தச் சொல் இரண்டு பேருக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் 'குடும்ப வன்முறை' என்ற சொல்லைக் கொண்டுவந்து சேர்த்தது. செய்தவன் யார், பட்டவள் யார் என்று கேட்கிற சொல் அது. மனு எழுதுகிறபோது எந்தச் சொல்லை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த மனு போகிற திசையே மாறுகிறது. பெண்கள் சங்கங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இது கோட்பாடு அல்ல, அன்றாடப் பாடு. ஸ்டேஷனில் இன்னமும் 'சமாதானமா போங்கம்மா'தான். மறுவூடல் நடத்திவைக்க எல்லோருக்கும் அவசரம்.

பங்கு என்ற சொல்லும் இப்படித்தான். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டது. பெண் விடுதலைக்கு 'ஆண்மை' அழியவேண்டும் என்று பெரியார் ஒரு சொல்லையே குறிவைத்து எழுதியதும் இந்தப் பின்னணியில்தான். அறுபது வருஷம் கழித்து 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்றது, அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் கல்யாணமானவர்களைத் தவிர்த்து. 2005இல் நாடு முழுக்க வந்தது. பிறப்பாலேயே அவளுக்கு அந்த உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. அம்மனுக்குக் கிடைத்த இடப்பாகம் இப்போது எழுத்தில் எல்லோருக்கும் உண்டு.

நடப்பில், அப்பா செத்து முப்பது முடிந்ததும் அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப்போகிறார்கள். டிபன் வாங்கித் தருவார்கள். எனக்குப் பங்கு வேண்டாம் என்று அவர்கள் எழுதிக்கொடுக்கும் கையெழுத்துக்கு வருஷா வருஷம் பொங்கல் சீர் தொடரும். கையெழுத்துப் போட மறுத்தவளுக்கு அந்த வருஷத்திலிருந்து சீர் நின்றுவிடும். 'பொறந்த வூட்டையே நாசம் பண்ண வந்தவ' என்று ஒரு பெயர் மட்டும் சேரும். சென்ற தையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். அவள் கையெழுத்துப் போடவில்லை. அண்ணன் கோபமாக வெளியே போய்விட்டான். அச்சடித்து வைத்திருந்த அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'விடுதலைப் பத்திரம்' என்று போட்டிருந்தது. யாருக்கு விடுதலை என்று பத்திரம் எழுதுகிறவரைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, 'அதாம்மா அதுக்குப் பேரு, எப்பவும் அதான்' என்றார்.